அந்த 25 எங்கிருந்து வந்தது?

மீலாது மேடைகளிலும் கல்வி மாநாடுகளிலும் தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு. "அல்ஜிப்ராவை உலகுக்கு வழங்கியவர்கள் முஸ்லிம்கள்" என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நிமிர்கிறது; கூட்டத்தில் தக்பீர் முழக்கமும் எழுகிறது. சில மாதங்களுக்கு முன்னர் அத்தகைய கூட்டமொன்று முடிவுற்று, பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், பத்தாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் பேச்சாளரை அணுகினான். அவன் கையில் கணக்கு நோட்டு இருந்தது.

"ஹஜ்ரத், வர்க்கப் பூர்த்தி செய்யும்போது 10-ஐப் பாதியாக்கி, அதை வர்க்கமாக்கி 25-ஐக் கூட்டச் சொல்கிறார்கள். அந்த 25 எங்கிருந்து வருகிறது?"

"அதை உங்கள் சாரிடம் கேளுங்கள் தம்பி" என்றார் அவர், அன்போடுதான்.

"கேட்டேன் ஹஜ்ரத். பரீட்சையில் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னர்தான் அச்சிரிப்பு நெஞ்சை உறுத்தத் தொடங்கிற்று. ஏனெனில் அவன் கேட்ட வினாவுக்கு, அன்று மாலை மேடையில் யாருடைய பெயர் சொல்லி முழங்கினோமோ அவரே, ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்னர், படம் வரைந்து விடை எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரை நாம் அறிவோம். அவர் சொன்னதை அறியோம்.

அன்பு வாசகர்களே! இவ்வாரம் அதனை அறிந்துகொள்வோம். கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஒரு தாளும் கத்தரிக்கோலும் அருகில் இருந்தால் போதும்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி ஏறத்தாழ 780-இல் பிறந்து, 850-ஆம் ஆண்டை ஒட்டி மறைந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ நதி பாயும் குவாரிஸ்ம் பகுதியின் பெயரே அவருடைய பெயரில் ஒட்டியிருக்கிறது. அப்பகுதியின் பெரும்பாகம் இன்று உஸ்பெகிஸ்தானில் அடங்கும். அவருடைய 1200-ஆவது பிறந்த ஆண்டெனக் கொண்டு, சோவியத் ஒன்றியம் 1983-இல் அவர் திருவுருவத்துடன் அஞ்சல் தலை வெளியிட்டது. ஆனால் அவர் பணியாற்றியது பக்தாதில். 813 முதல் 833 வரை ஆண்ட அப்பாஸியக் கலீஃபா மஃமூனின் ஆதரவில். அங்கேதான் 'அல்கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ர் வல்முகாபலா' என்ற நூலை எழுதினார். அத்தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே ஐரோப்பிய நாவுகளில் அல்ஜிப்ராவாயிற்று.

'ஜப்ர்' என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சரியாக்குதல். எலும்பு முறிந்தால் கட்டுவதற்கும் அதே சொல்தான். அரபியரிடமிருந்து அச்சொல்லைப் பெற்ற ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டும் வைத்தியரையும் 'அல்ஜிப்ரிஸ்தா' என்றே அழைத்து வந்தார்கள். கணக்கைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை முதலில் சொல்லலாம். பாதி அச்சம் அங்கேயே தீரும்.

அந்நூலில் இன்று நாம் காணும் குறியீடு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சொற்களே. கண்டறிய வேண்டியதை 'ஜித்ர்' என்கிறார். வேர் என்று பொருள். நம் கணக்குப் புத்தகங்களும் அதனை 'மூலம்' என்றே சொல்வதைக் கவனியுங்கள். மூலத்தைத் தன்னாலேயே பெருக்கக் கிடைப்பது வர்க்கம். பின்னர் அவர் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது: ஒரு வர்க்கமும் அதன் 10 மூலங்களும் சேர்ந்து 39 ஆகுமெனில், அந்த மூலம் எவ்வளவு?

அவர் சொல்லும் வழி: மூலங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குக, 5. அதை அதனாலேயே பெருக்குக, 25. அதை 39-உடன் சேர்க்க 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழிக்க 3. அதுவே விடை. சரிபார்த்தால் வர்க்கம் 9, பத்து மூலங்கள் 30, ஆக 39.

இதுவரை நம் சிறுவனுக்கும் தெரியும். அவன் கேட்டதெல்லாம் ஏன் என்பதே. அல்குவாரிஸ்மி அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காரணத்தைக் கண்ணால் காணுமாறு படம் வரைகிறார்.

ஒரு சதுரக் காகிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் பக்கம்தான் நமக்குத் தெரியாத மூலம். பரப்பு அதன் வர்க்கம். இனி 10 மூலங்கள் என்பது யாது? அகலம் 10-உம் நீளம் அந்த மூலமுமாகிய ஒரு பட்டை. அப்பட்டையை நெடுக்காக இரண்டாகக் கிழியுங்கள். ஒவ்வொன்றின் அகலமும் 5. ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டிவையுங்கள். இப்பொழுது தரையில் கிடப்பது ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம். ஏறக்குறைய என்றோம், ஏனெனில் கீழ் வலது மூலையில் ஒரு துண்டு குறைகிறது. அந்த வெற்றிடத்தின் நீளம் 5, அகலம் 5. அதுதான் 25!

இருக்கும் காகிதங்களின் மொத்தப் பரப்பு 39 எனக் கணக்கே சொல்லிவிட்டது. மூலையை 25 கொண்டு அடைத்தால் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 நாம் ஒட்டிய பட்டையின் அகலம். எஞ்சிய 3 மூலம். பாதியாக்கியது ஏனென்றால், பட்டையை இரு பக்கமும் ஒட்ட வேண்டியிருந்தது. வர்க்கமாக்கியது ஏனென்றால், மூலை சதுரமாக இருந்தது. பூர்த்தி என்ற பெயரும் அந்த மூலையால் வந்ததே. அல்குவாரிஸ்மி வேறொரு படமும் தருகிறார்: பட்டையை நான்காகக் கிழித்து, இரண்டரை அகலத்தில் நான்கு பக்கமும் ஒட்டி, ஆறேகால் பரப்புள்ள நான்கு மூலைகளை அடைக்கும் படம். நான்கு ஆறேகாலும் 25-தானே!

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இம்முறையை முதன்முதலில் கண்டவர் அல்குவாரிஸ்மி அல்லர். கி.மு. 1800-ஐ ஒட்டிய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே பாதியாக்கி, வர்க்கமாக்கி, கூட்டும் கணக்குகள் இருக்கின்றன. கிரேக்கத்து யூக்ளிடின் இரண்டாம் நூலில் இதே வடிவியல் வேறு உடையில் வருகிறது. நம் நாட்டுப் பிரம்மகுப்தர் 628-இல் இருபடிச் சமன்பாட்டுக்கு விதி தந்தார். முழுச் சமன்பாட்டையும் வர்க்கக் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கிக்கொண்டு பின்னங்களைத் தவிர்க்கும் ஸ்ரீதரரின் வழியைப் பாஸ்கராச்சாரியர் 12-ஆம் நூற்றாண்டில் நன்றியுடன் எடுத்தாண்டார். அல்குவாரிஸ்மியோ இந்திய எண்களைப் பற்றித் தனி நூலே எழுதி, அவை இந்தியர்களுடையவை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டவர். அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அவர் பெயர் திரிந்தே 'அல்காரிதம்' என்ற சொல் பிறந்தது. பிறருடைய சரக்கைத் தம்முடையதென்று சொல்லாதவரின் பெயரால் நாம் இல்லாத உரிமையைக் கோரலாமா? மேடைகளில் சற்றே அடக்கம் வேண்டும்.

பின், அவர் பெருமை எதில் இருக்கிறது? இருபடிக் கணக்குகள் யாவற்றையும் ஆறே வகைக்குள் அடக்கினார். வர்க்கம், மூலம், எண் ஆகிய மூன்றும் கலந்துவரும் மூன்று வகைகளுக்கும் விதியைச் சொன்னதோடு, அவ்விதி ஏன் மெய்யாகிறது என்பதற்குப் படத்தோடு சான்று தந்தார். சமன்பாடு என்பதையே ஒரு தனிக் கலையாக நிறுத்தினார். அவர் பின்னே எகிப்தின் அபூகாமில் வந்தார். முப்படிக் கணக்குகளைக் கூம்பு வெட்டுகளால் தீர்த்த உமர் கய்யாம் வந்தார். கய்யாமைக் கவிஞராக மட்டும் அறிந்தோர் நம்மிடையே அநேகர். 1145-இல் செகோவியா நகரில் செஸ்டர் ராபர்ட் என்பவர் அல்குவாரிஸ்மியின் நூலை இலத்தீனில் பெயர்க்க, ஐரோப்பாவும் இதே பாடத்தைப் படிக்கத் தொடங்கிற்று.

மூன்று வகைகளில் இரண்டாவது மிக அழகானது. ஒரு வர்க்கமும் 21-உம் சேர்ந்து 10 மூலங்களுக்குச் சமம். பாதி 5, வர்க்கம் 25, இம்முறை 21-ஐக் கழிக்கிறோம், 4, அதன் மூலம் 2. அதை 5-லிருந்து கழித்தால் 3; கூட்டினால் 7. இரண்டும் பொருந்துகின்றன. ஒன்பதும் 21-உம் 30. நாற்பத்தொன்பதும் 21-உம் 70. இதனைச் சொன்னபின் அல்குவாரிஸ்மி ஓர் எச்சரிக்கையும் தருகிறார். 21-இன் இடத்தில் 25-ஐ விடப் பெரிய எண் இருந்தால் அக்கணக்கே நடவாது. சரியாக 25 இருந்தால் மூலம் அந்தப் பாதியேயாகும்.

இந்த எச்சரிக்கையில்தான் இன்றைய மாணவர்களை மிரட்டும் முனை வடிவம் முழுவதும் ஒளிந்திருக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

20 மீட்டர் கயிற்றால் ஒரு செவ்வக நிலத்தை வளைக்கிறீர்கள். நீளமும் அகலமும் சேர்ந்து 10. ஐந்துக்கு ஐந்தாக வளைத்தால் பரப்பு 25. நான்குக்கு ஆறென்றால் 24. மூன்றுக்கு ஏழு, 21. இரண்டுக்கு எட்டு, 16. ஒன்றுக்கு ஒன்பது, 9. இருபத்தைந்திலிருந்து எவ்வளவு குறைகிறது என்று வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 9, 16. அனைத்தும் வர்க்கங்கள்! ஐந்திலிருந்து எவ்வளவு விலகினோமோ, அந்த விலகலின் வர்க்கமே பரப்பில் குறைகிறது. அகலத்தை 'க' என்று குறித்தால், பரப்பு 10க − க². அதையே 25 − (க − 5)² என்று எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவதைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டாவதைப் பார்த்த கணத்திலேயே, க ஐந்தாகும்போது பரப்பு உச்சமாகி 25-இல் நிற்கும், அதற்கு மேல் ஒருபோதும் போகாது என்பது விளங்கிவிடுகிறது. பக்தாதில் எழுதப்பட்ட எச்சரிக்கையும் இதுவே. அதனை வரைபடத்தில் காட்டினால் கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற பரவளையம் கிடைக்கும். அதன் முனை ஐந்தின்மேல், 25 உயரத்தில் இருக்கும்.

நம் முதற் கணக்கையும் இவ்வாறே சார்பாக எழுதிப் பார்க்கலாம். க² + 10க − 39 என்பதில் முதலிரண்டு உறுப்புகளும் சதுரமும் பட்டையும். மூலையை அடைக்க 25 வேண்டும். ஆனால் இல்லாத 25-ஐக் கூட்டினால் மதிப்பு மாறிவிடுமே! ஆகவே கூட்டியதை உடனே கழித்தும் விடுகிறோம். (க + 5)² − 25 − 39. அதாவது (க + 5)² − 64. அதே 5, அதே 64. சிறுவனின் நோட்டில் இருப்பதும் கலீஃபாவின் காலத்துப் படத்தில் இருப்பதும் ஒன்றேயன்றோ!

இங்கே மாணவர்கள் பெரிதும் இடறும் இடங்கள் இரண்டு. கூட்டல் குறியோடு 5 இருக்கக் கண்டு, முனை +5-இல் இருக்கிறதென எழுதிவிடுகிறார்கள். ஒரு வர்க்கம் சுழியத்துக்குக் கீழே இறங்காது. சுழியமாகும்போதே அது மிகச் சிறிது. க + 5 சுழியமாக வேண்டுமெனில் க −5 ஆகவேண்டும். முனை அங்கேதான், ஆழம் −64. இதனை அறிந்தவனுக்குக் குறியை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. அல்குவாரிஸ்மி குறை எண்களை விடையாக ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இச்சமன்பாட்டின் மற்றொரு மூலமாகிய −13 அவர் நூலில் இல்லை. காகிதச் சதுரத்துக்கு −13 பக்கம் எப்படி வரும்? படத்தின் பலமும் எல்லையும் அது.

இரண்டாவது இடறல், வர்க்கத்தின் முன்னே ஒன்றைத் தவிர வேறு கெழு இருக்கும்போது. 2க² + 12க + 7 என்பதை எடுத்துக்கொள்வோம். இரண்டு சதுரங்கள் இருக்கின்றன. எனவே முதலில் இரண்டைப் பொதுவாக வெளியே எடுத்து, 2(க² + 6க) + 7 என்று எழுத வேண்டும். ஆறின் பாதி 3, வர்க்கம் 9. உள்ளே 9 சேர்க்கிறோம்; வெளியே 9-ஐக் கழிக்கிறோம். தவறு அங்கேதான் நிகழ்கிறது! உள்ளே சேர்த்த ஒன்பதுக்கு முன்னால் இரண்டு நிற்கிறது. அடைத்த மூலைகள் இரண்டு. உண்மையில் சேர்ந்தது 18. ஆகவே கழிக்க வேண்டியதும் 18. விடை 2(க + 3)² − 11. எத்தனை விடைத்தாள்களில் இந்த ஒரு வரியில் மதிப்பெண் போயிருக்கும்! அல்குவாரிஸ்மியும் இதை விட்டுவைக்கவில்லை. இரண்டு வர்க்கங்கள் வந்தாலும் அரை வர்க்கம் வந்தாலும், முதலில் அனைத்தையும் ஒரே வர்க்கத்துக்குக் கொண்டுவருக என்கிறார்.

இதையே எண்களுக்குப் பதில் எழுத்துகளால் ஒருமுறை செய்து பார்த்தால், பிள்ளைகள் மந்திரம்போல் உருப்போடும் சூத்திரம் தானாகவே வந்து நிற்கும். மேலே எறிந்த பந்தின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்; அப்பந்து எப்பொழுது உச்சியடையும் என்பதற்கும் இதே வழிதான். அவற்றை விரிக்க இங்கே இடமில்லை.

பள்ளிக் கணக்கை விடுத்து, மார்க்கத்தோடு நேரே தொட்ட செய்தி ஒன்றுக்கு வருவோம். தம் நூல் யாருக்கென்று முகவுரையிலேயே அல்குவாரிஸ்மி சொல்கிறார்: வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகிய காரியங்களில் மக்களுக்குப் பயன்படுவதற்காகவே. நூலில் ஏறத்தாழ பாதி, மரண சாசனக் கணக்குகளுக்கே போய்விடுகிறது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 11, 12, 176 ஆகிய வசனங்களில் பங்குகள் வரையறுக்கப்பட்டுள்ளன. சாசனமோ மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. ஒருவர் தம் மகனின் பங்களவு மற்றொருவருக்குத் தருமாறு எழுதிவைத்துவிட்டு மறைந்தால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் வைத்துத்தான் கணக்கைத் தொடங்கவேண்டும். ஜப்ரின் தேவை அங்கே எழுந்தது. ஆயினும் அக்கணக்குகளில் வர்க்கம் வருவதில்லை. எளிய ஒருபடிச் சமன்பாடுகளே போதும். மிராஸ் கணக்குக்காகவே வர்க்கப் பூர்த்தி தோன்றிற்று என்று சிலர் பேசுவது அதனால் பொருந்தாது. தேவைக்கு வேண்டியதைக் காட்டிலும் ஒரு படி மேலே சென்று, காரணத்தையும் தேடியதுதான் அந்த அறிஞரின் இயல்பு.

இன்று நாம் செய்வதென்ன? பல ஜமாஅத்துகள் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவச டியூஷன் நடத்துகின்றன. நற்பணியே, ஐயமில்லை. ஆனால் அங்கும் சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களைத்தான் ஒப்புவிக்கச் செய்கிறோம். கணக்கில் தோற்ற பிள்ளை படிப்பையே விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறான். அவனுக்கு அறிவு போதாது என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அவனுக்கு யாரும் அந்த மூலையைக் காட்டவில்லை என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. இதற்குப் பெரும் நிதியோ கட்டடமோ வேண்டியதில்லை. ஒரு கரும்பலகை, வண்ணக் காகிதம், ஒரு மணி நேரம் போதும். அடுத்த கல்வி மாநாட்டில் அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லப்போகும் பேச்சாளர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெயரைச் சொன்ன கையோடு அப்படத்தையும் வரைந்து காட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நாம் சிரித்ததற்கு ஈடாக, மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அச்சிறுவனைத் தேடிப் பிடித்து, காகிதத்தைக் கிழித்துக் காட்டினோம். மூலையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததென்னவோ உண்மை. ஆனால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. மூன்று வகையென்றீர்களே, மூன்றாவது எங்கே என்று கேட்டான். சொன்னோம்: 3 மூலங்களும் 4-உம் சேர்ந்து ஒரு வர்க்கத்துக்குச் சமம். இம்முறை பட்டைகளைச் சதுரத்தின் வெளியே ஒட்டுவதற்கில்லை. அவை சதுரத்தின் உள்ளேயே இருக்கின்றன. அப்படியானால் மூலை எங்கே வரும், அதை எப்படி அடைப்பது என்று தாழ்வாரத்துத் தரையில் அமர்ந்து கிறுக்கத் தொடங்கினான். அஸர் பாங்கு சொல்லும்வரை அவன் எழவில்லை. வாசகர்களும் முயன்று பார்க்கலாம். பாதி ஒன்றரை, விடை 4.